வாசித்தவருக்கு என்ன பங்கு?

1989 ஜூன் மாதம். லாஸ் வேகஸ் டிராபிகானா விடுதியில் 'ஃபோலி பெர்ஜேர்' ஆட்டம் வழக்கம்போல் நடந்தது. இறகுக் கிரீடம் சூடிய பெண்கள் படியிறங்கி வந்தார்கள். விளக்குகள் நிறம் மாறின. டிரம்பெட்டுகள் முழங்கின. அவற்றை வாசிக்க வேண்டியவர்கள் மட்டும் உள்ளே இல்லை. பாலைவன வெக்கையில், விடுதி வாசலுக்கு வெளியே, மறியல் அட்டைகளைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தார்கள். உள்ளே ஓடியது டேப்.

அந்த வேலைநிறுத்தத்தை நடத்தியது, அமெரிக்க இசைக் கலைஞர்கள் சம்மேளனத்தின் 369ஆம் எண் கிளை. அதன் தலைவர் மார்க் டல்லி மஸ்ஸாலி, அதே ஊர் ஷோரூம்களில் பியானோ வாசித்தவர். நம் ஊரில் காரும் நகையும் விற்கும் இடத்துக்குத்தான் அந்தப் பெயர். அங்கே அது சூதாட்ட விடுதிக்குள் மேடையும் மேசைகளுமாக அமைந்த கலையரங்கம். வேலைநிறுத்தம் தோற்றது. ஆனால் மஸ்ஸாலி 1991இல் சம்மேளனத்தின் தலைவரானார். 1896இல் இண்டியானாபொலிஸ் நகரில் தொடங்கி, அமெரிக்காவிலும் கனடாவிலும் பரவிய அமைப்பு அது. மஸ்ஸாலி 1995 வரை அதன் தலைவராக இருந்தார்.

தோற்ற ஊரின் தலைவருக்கு எப்படி இந்தப் பதவி உயர்வு என்று கேட்கலாம். தொழிற்சங்க உலகில் அது அவ்வளவு விசித்திரமில்லை. எல்லா ஊருக்கும் வரப்போகும் வெள்ளம் முதலில் யார் வீட்டுக்குள் புகுந்ததோ, அவருக்குத்தான் தண்ணீரின் வேகம் தெரியும். மஸ்ஸாலியின் வாழ்க்கையையும் அவருக்கு முன்னும் பின்னும் இருந்த தலைவர்களின் கதையையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பாடம் கிடைக்கிறது. இசைக்குழுவில் தங்கள் நாற்காலியைக் காப்பாற்றும் சண்டையில் இசைக் கலைஞர்கள் பெரும்பாலும் தோற்றிருக்கிறார்கள். பதிவான இசையின் வருமானத்தில் பங்கு கேட்ட சண்டைகளில்தான் ஏதாவது கைக்கு வந்திருக்கிறது. அந்தப் பங்கும் வாசித்தவர் பெயருக்கே வந்து சேர வேண்டும். பொதுநிதி என்ற பெயரில் எங்கோ போய்விடக் கூடாது.

லாஸ் வேகஸ் ஷோரூம் ஒரு காலத்தில் இசைக் கலைஞனுக்குச் சொர்க்கம். 1946 கடைசியில் உட்டி ஹெர்மன், டாமி டார்சி, ஹாரி ஜேம்ஸ் போன்றவர்கள் தங்கள் பெரிய ஜாஸ் குழுக்களைக் கலைத்தார்கள். பேருந்தில் ஊர் ஊராகச் சுற்றி, ஓட்டல் அறையில் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டு வாழ்ந்த நூற்றுக்கணக்கான வித்வான்கள் வேலை தேடினார்கள். அடுத்து வந்த ஆண்டுகளில் நெவாடா பாலைவனத்தில் விடுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. ஒவ்வொரு விடுதிக்கும் ஒரு ஷோரூம், ஒவ்வொரு ஷோரூமுக்கும் நிரந்தர இசைக்குழு. இரவு உணவோடு ஒரு காட்சி, நள்ளிரவை ஒட்டி இன்னொன்று. இசைக்குழுவுக்கு வாரத்தில் ஒருநாள் ஓய்வு; அன்று வாசிக்க, விடுதி விடுதியாகச் சுற்றிவரும் மாற்றுக் குழுக்கள் வேறு இருந்தன. இசைக் கலைஞனுக்கு மாதாமாதம் சம்பளம், சொந்த வீடு, பிள்ளைகளுக்கு ஒரே பள்ளிக்கூடம் என்பதெல்லாம் அதற்கு முன் கேள்விப்படாத சங்கதிகள்.

அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் சாதாரண ஆட்களும் அல்லர். டிராம்போன் உலகம் கொண்டாடும் கார்ல் ஃபோன்டானா அந்த ஊரில்தான் குடியேறினார். டிஸ்ஸி கில்லெஸ்பியோடு வாசித்துப் பெயர் பெற்ற சாக்ஸபோன் கலைஞர் ஜேம்ஸ் மூடி, 1970களில் பல ஆண்டுகள் லாஸ் வேகஸ் ஹில்டன் இசைக்குழுவில் இருந்தார். எல்விஸ் பிரெஸ்லி 1969இல் இன்டர்நேஷனல் விடுதியில் நான்கு வாரங்களில் 57 காட்சிகள் நடத்தியபோது, அவருடைய ராக் குழுவுக்குப் பின்னால் ஒரு முழு இசைக்குழுவும் அமர்ந்திருந்தது. மேடையில் வியர்த்தவர் பெயர் உலகுக்குத் தெரியும். பின்னால் இருந்தவர்களின் பெயர் ஊதியப் பட்டியலில் இருந்தது.

இதில் பியானோக்காரரின் இடம் தனி. இன்று ஒரு பாடகர், அடுத்த வாரம் ஒரு நகைச்சுவையாளர், அதற்கடுத்து ஒரு நடனக் குழு என்று மேடை மாறிக்கொண்டே இருக்கும். வருகிறவர்கள் நோட்ஸ் கட்டைக் கொண்டுவந்து வைப்பார்கள். பிற்பகலில் ஓர் ஒத்திகை, இரவில் முதல் காட்சி. பார்த்த மாத்திரத்தில் வாசிக்கத் தெரியாதவருக்கு அங்கே வேலையில்லை. நடனக்காரர்களின் ஒத்திகைக்கு முழு இசைக்குழுவை யாரும் அழைப்பதில்லை. பியானோ ஒன்றே போதும். பத்து விரல்களுக்குள் இருபது பேரின் வேலையைச் சுருக்கிக் காட்டுபவர் அவர். இசைக்குழுவுக்கு மாற்று என்பதைக் கருவி வருவதற்கு முன்பே செய்துகாட்டியவர்களும் பியானோக்காரர்களே. மௌனப்பட காலத்தில் சின்னத் திரையரங்குகளில் பல வாத்தியங்களுக்குப் பதிலாக ஒரே பியானோவை வைத்துத்தான் படம் ஓட்டினார்கள். அப்படிப்பட்ட இருக்கையிலிருந்து ஒருவர் எழுந்து வந்து, எந்திரம் எங்கள் வேலையைப் பறிக்கிறது என்று வாதாடியதில் ஒரு வேடிக்கை இருக்கத்தான் செய்கிறது.

இந்தப் பொற்காலத்தை அளவுக்கு மீறிப் புகழவும் வேண்டாம். 1950களில் சாமி டேவிஸ் ஜூனியர் போன்ற கறுப்பினக் கலைஞர்கள் மேடையில் ஆடலாம், அதே விடுதியில் தங்கக் கூடாது. எல்லா நிறத்தவரையும் அனுமதித்த முதல் பெரிய விடுதியான மூலான் ரூஜ் 1955இல் திறந்து, அந்த ஆண்டு முடிவதற்குள் மூடப்பட்டது. சங்கத்தின் கைகளும் சுத்தமில்லை. பல நகரங்களில் வெள்ளையருக்கு ஒரு கிளை, கறுப்பினத்தவருக்கு ஒரு கிளை என்று சம்மேளனமே பிரித்து வைத்திருந்தது. லாஸ் ஏஞ்சலஸில் 1953இல்தான் இரண்டும் இணைந்தன. சிகாகோவில் 1966 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சரி, அந்தச் சொர்க்கம் எப்படி இடிந்தது? டேப்பின் மேல் பழியைப் போடுவது சுலபம். அதற்கு முன்பே கணக்குப் புத்தகம் மாறிவிட்டது. பழைய முதலாளிகளுக்கு ஷோரூம் ஒரு தூண்டில் மட்டுமே. நல்ல பாட்டு, மலிவான சாப்பாடு, அதற்காக வருகிறவர் திரும்பும் வழியில் சூதாட்ட மேசையில் பணத்தை விட்டுவிட்டுப் போவார். இசைக்குழுவால் நஷ்டம் என்றால் அந்த நஷ்டத்தைச் சீட்டுக்கட்டு ஈடுகட்டியது. 1967 முதல் ஹோவர்ட் ஹியூஸ் வரிசையாக விடுதிகளை வாங்கினார். 1960களின் கடைசியில் நெவாடா சட்டத் திருத்தங்கள் பங்குச்சந்தை நிறுவனங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டன. ஹில்டன் போன்ற பெருநிறுவனங்கள் உள்ளே வந்தன. உணவகம் தனியாக லாபம் காட்ட வேண்டும், அறைகள் தனியாக, ஷோரூமும் தனியாக. கணக்காளரின் மேசையில் இசைக்குழு முதன்முறையாக வெறும் செலவாகத் தெரிந்தது.

அதன் பிறகுதான் கருவி வந்தது. 1983இல் பல மின்னணுக் கருவிகளை ஒன்றோடொன்று பேசவைக்கும் மிடி முறை அறிமுகமானது. அதே ஆண்டு யமஹா டிஎக்ஸ்7 சந்தைக்கு வந்தது. ஒருவர் இரண்டு கைகளால் வயலின் வரிசையையும் ஊதுகுழல் வரிசையையும் எழுப்பிவிட முடிந்தது. ஒருமுறை நன்றாகப் பதிவு செய்துவிட்டால் அந்த ஒருவரும்கூட வேண்டியதில்லை. ஆண்டுக்கணக்கில் மாறாமல் ஓடும் நடனக் காட்சிகளுக்கு டேப் கனகச்சிதமாகப் பொருந்தியது. டேப்புக்கு ஓய்வூதியம் கிடையாது, விடுப்பும் கிடையாது.

1989 ஜூனில் டிராபிகானாவில் தொடங்கிய வேலைநிறுத்தம் வேறு பெரிய விடுதிகளுக்கும் பரவியது. ஏழு மாதங்களுக்கு மேல் நீடித்தது. அந்த ஏழு மாதமும் சூதாட்ட மேசைகள் மூடப்படவில்லை, அறைகள் காலியாகவில்லை, மேடைகளும் இருளவில்லை. ஆடுபவர்களும் விளக்குப் போடுபவர்களும் வேலை செய்தால்தான் டேப்பை வைத்துக் காட்சி நடத்த முடியும். காட்சிகள் நடந்தன என்பதே இசைக் கலைஞர்கள் எவ்வளவு தனியாக நின்றார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறது. போதாக்குறைக்கு, மறியல் நடந்துகொண்டிருந்த 1989 நவம்பரில் ஸ்டீவ் வின் தன் மிராஜ் விடுதியைத் திறந்தார். 3,000க்கும் மேற்பட்ட அறைகள், வாசலில் வெடிக்கும் செயற்கை எரிமலை. மறியல் அட்டையைவிட எரிமலையைப் பார்க்கத்தான் கூட்டம் கூடும்.

இதே ஊரில் 1976 மார்ச் மாதம் வேறு காட்சி. சமையல்-பரிமாறும் தொழிலாளர்கள், மதுக்கூடப் பணியாளர்கள், மேடைத் தொழிலாளர்கள், இசைக் கலைஞர்கள் எல்லோரும் ஒன்றாக வெளிநடப்புச் செய்தார்கள். விடுதிகளே ஏறக்குறைய இரண்டு வாரங்கள் முடங்கின. 1989க்கு அப்புறமும் ஓர் உதாரணம் உண்டு. 1991 செப்டம்பரில் ஃபிரன்டியர் விடுதித் தொழிலாளர்கள், முக்கியமாக 226ஆம் எண் சமையல் தொழிலாளர் சங்கத்தினர், வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். சுமார் 550 பேர். ஆறு ஆண்டுகளுக்கு மேலாக, 1998 பிப்ரவரி பிறக்கும்வரை, அவர்களில் ஒருவர்கூட மறியல் கோட்டைத் தாண்டி வேலைக்குப் போகவில்லை. வென்றார்கள்.

உறுதியில் இசைக் கலைஞர்கள் குறைந்தவர்கள் என்று சொல்லிவிட முடியாது. ஏழு மாதம் சம்பளமின்றித் தாக்குப்பிடிப்பது சின்ன விஷயமா? வேறுபாடு தொழிலின் தன்மையில் இருக்கிறது. படுக்கையை விரிப்பதையும் தட்டைக் கழுவுவதையும் பதிவு செய்து மறுநாள் ஓடவிட முடியாது. இசையை முடியும். அதிலும் கொடுமை, அந்தப் பதிவில் ஒலிப்பதும் யாரோ ஓர் இசைக் கலைஞர் வாசித்ததுதான். வேலைநிறுத்தத்தை உடைக்க வந்தது, அவர்களைப் போன்ற ஒருவரின் பழைய உழைப்பு.

1990 ஜனவரியில் எல்லாம் முடிந்தது. பெரிய நட்சத்திரங்கள் வரும்போது ஆட்களை எடுப்பது தொடர்ந்தது. விடுதிக்கு ஒரு நிரந்தர இசைக்குழு என்ற ஏற்பாடு மட்டும் திரும்பவில்லை. அந்தக் காலம் முழுவதையும் பேட்டிகளோடு பதிவு செய்து 2016இல் ஒரு நூல் வந்தது. எழுதிய ஜானிஸ் மெக்கே, லாஸ் வேகஸில் உள்ள நெவாடா பல்கலைக்கழகத்தில் கற்பித்த பஸூன் கலைஞர். 'ஃபோலி பெர்ஜேர்' 2009இல் நின்றது. டிராபிகானா 2024 ஏப்ரலில் மூடப்பட்டு, அக்டோபரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. எரிமலை மிராஜும் அதே ஆண்டு ஜூலையில் மூடியது. டேப்பைக் காட்டி மிச்சம் பிடித்தவர்களும் நிலைக்கவில்லை என்று சொல்லத் தோன்றும். அதில் இசைக் கலைஞனுக்கு என்ன ஆறுதல்?

இந்தத் தோல்வி புதிதும் இல்லை. 1927 அக்டோபரில் 'தி ஜாஸ் சிங்கர்' பேசும்படம் வெளியானது. அதுவரை அமெரிக்கத் திரையரங்குகளில் படத்துக்குக் கீழே உட்கார்ந்து வாசித்துப் பிழைத்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். சில ஆண்டுகளுக்குள் அந்த வேலையே இல்லாமல் போயிற்று. அப்போது சம்மேளனத் தலைவர் ஜோசப் வெபர். 'டப்பாவில் அடைத்த இசை வேண்டாம்' என்று 1930இல் நாடெங்கும் பத்திரிகைகளில் பெரிய பெரிய விளம்பரங்கள் கொடுத்தார்கள். எந்திர மனிதன் ஒருவன் யாழ் மீட்டுவதுபோல் படம் போட்டு, மக்களே எங்கள் பக்கம் நில்லுங்கள் என்று கெஞ்சினார்கள். மக்கள் டிக்கெட் வாங்கிப் பேசும்படம் பார்த்தார்கள். ரசிகரின் மனசாட்சியை நம்பி நடத்தும் தொழிற்சங்கப் போராட்டத்துக்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை தேவையில்லை.

வெபருக்குப் பின் 1940இல் வந்தவர் ஜேம்ஸ் சீசர் பெட்ரில்லோ. சிகாகோக்காரர், டிரம்பெட் வாசித்தவர். அவருடைய வாசிப்பை யாரும் பெரிதாகப் புகழ்ந்ததில்லை, பேரம் பேசுவதில் மட்டும் அவருக்கு இணை இல்லை. அவர் ரசிகரிடம் கெஞ்சவில்லை. ஒலிப்பதிவு நிறுவனங்களின் குரல்வளையைப் பிடித்தார். 1942 ஆகஸ்ட் 1 முதல் சம்மேளனத்தின் உறுப்பினர் யாரும் இசைத்தட்டுக்கு வாசிக்கக் கூடாது என்றார். நாடு போரில் இருந்த காலம் அது. பத்திரிகைகள் திட்டித் தீர்த்தன. ஃபிராங்க் சினாட்ரா 1943இல் வாத்தியமே இல்லாமல், சேர்ந்திசைக் குரல்களை மட்டும் பின்னால் வைத்துக்கொண்டு பாடிப் பதிவு செய்தார். பாடகர்களைத் தடை கட்டுப்படுத்தவில்லை. டெக்கா நிறுவனம் 1943 செப்டம்பரில் இறங்கி வந்தது. ஆர்சிஏ விக்டரும் கொலம்பியாவும் பிடிவாதம் பிடித்தன. 1944இல் அதிபர் ரூஸ்வெல்டே தந்தியடித்து வேண்டினார். பெட்ரில்லோ மசியவில்லை. நவம்பரில் அந்த இரண்டு நிறுவனங்களும் கையெழுத்திட்டன. விற்கும் ஒவ்வொரு இசைத்தட்டுக்கும் ஒரு சில்லறைத் தொகை சங்கத்தின் நிதிக்கு வரும் என்பதே ஒப்பந்தம்.

தொகை சிறிது. கொள்கை மிகப் பெரியது. ஒருமுறை வாசித்து ஒருமுறை கூலி வாங்கியதோடு கணக்கு முடிந்துவிடாது, பதிவு சம்பாதிக்கும்வரை இசைக் கலைஞர்களுக்கும் அதில் உரிமை உண்டு என்று ஒரு பெரிய தொழில்துறை ஏற்றுக்கொண்டது. அதிகாரத்தில் இருந்தவர்களுக்கு இது பிடிக்கவில்லை. 1946இல் பெட்ரில்லோவைக் குறிவைத்தே லீ சட்டம் வந்தது. 1947இல் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம், முதலாளிகள் சங்கத்துக்கு நேரடியாக இப்படிப் பணம் தருவதைத் தடுத்தது. 1948இல் பெட்ரில்லோ இன்னொரு ஒலிப்பதிவுத் தடை விதித்தார்; அந்த டிசம்பரில், சங்கத்துக்கு வெளியே நிற்கும் ஓர் அறக்கட்டளைக்குப் பணம் போகும் என்ற ஏற்பாட்டோடு அது முடிந்தது.

இங்கேதான் பெட்ரில்லோ சறுக்கினார். அந்த அறக்கட்டளை பூங்காக்களிலும் மருத்துவமனைகளிலும் இலவசக் கச்சேரிகளுக்குச் செலவழித்தது. ஊரூராக வேலையில்லாதிருந்த இசைக் கலைஞர்களுக்கு அதனால் கொஞ்சம் பிழைப்பு. ஆனால் லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டூடியோக்களில் அந்தப் பதிவுகளை உண்மையில் வாசித்தவர்களுக்குப் பங்கு வரவில்லை. தங்கள் வாசிப்பில் விளைந்த பணம் முன்பின் தெரியாதவர் கைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிரம்பெட் கலைஞர் செசில் ரீட் தலைமையில் கலகம் மூண்டது. 1958இல் அவர்கள் தனிச் சங்கம் கண்டு, ஹாலிவுட் ஸ்டூடியோக்களில் தொழிலாளர் வாக்கெடுப்பில் சம்மேளனத்தையே தோற்கடித்தார்கள். பெட்ரில்லோ அந்த ஆண்டே தேசியத் தலைமையை விட்டார். பிரிந்தவர்கள் 1961இல் திரும்பி வந்தார்கள்; அவர்கள் கேட்டதில் ஒரு பகுதியும் நிறைவேறியது. 1964 முதல் ஒலிப்பதிவில் வாசித்தவர்களுக்கே நேரடியாகப் பங்கு தரும் தனி நிதி ஏற்பட்டது. 1972இல் திரைப்பட இசைக் கலைஞர்களுக்கு இன்னொன்று. படம் திரையரங்கைத் தாண்டித் தொலைக்காட்சி, வீடியோ என்று சம்பாதிக்கும்போது, அந்த வருமானத்தில் நூற்றுக்கு ஒன்று, படத்துக்கு வாசித்தவர்களுக்குப் போகிறது. நூற்றுக்கு ஒன்று என்றால் கேவலமாகத் தோன்றும். பல ஆண்டுகளுக்கு முன் வாசித்த ஒரு கால்ஷீட்டுக்கு இன்றும் காசோலை வருகிறது என்றால் அப்படித் தோன்றாது.

மஸ்ஸாலி தேசியத் தலைவராக வந்தபோது நாற்காலிச் சண்டை எப்படி முடியும் என்பதைக் கண்ணால் கண்டுவிட்டிருந்தார். அவருடைய காலத்தில் பலன் கிடைத்தது மேடையில் இல்லை, சட்டத்தில். 1992இல் வந்த வீட்டு ஒலிப்பதிவுச் சட்டம், டிஜிட்டல் பதிவுக் கருவிகளும் வெற்று டேப்புகளும் விற்கும்போது ஒரு தொகையை வசூலித்து இசைத்துறையினருக்குப் பகிர்ந்தது. அதில் பின்னணியில் வாசித்தவர்களுக்கும் பாடியவர்களுக்கும் தனி ஒதுக்கீடு எழுதப்பட்டது. அவர் பதவியை விட்ட 1995ஆம் ஆண்டிலேயே வந்த டிஜிட்டல் ஒலிபரப்பு உரிமைச் சட்டமும் அதே வழியில் சென்றது. டிஜிட்டல் ஒலிபரப்புகளின் உரிமத் தொகையில் நூற்றுக்கு ஐந்து, பெயர் தெரியாத பின்னணிக் கலைஞர்களுக்கு. வாசிப்பவர்களுக்கு இரண்டரை, பாடுபவர்களுக்கு இரண்டரை. இதெல்லாம் ஒரு மனிதரின் சாதனை இல்லை. பல அமைப்புகள் கூடி இழுத்த தேர். ஆனால் ஷோரூமின் பின்வரிசையிலிருந்து வந்தவர் தலைமையில் சங்கம் இருந்த காலத்தில், பின்வரிசைக்கென்று சட்டத்தில் ஒரு விகிதம் ஏறியது. அமெரிக்காவில் சாதாரண வானொலி நிலையங்கள் இன்றுவரை இசைக் கலைஞர்களுக்கு ஒரு காசும் தருவதில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த ஐந்தின் அருமை புரியும்.

நாற்காலிச் சண்டை எப்போதுமே வீண் என்று இதற்குப் பொருளில்லை. 2003 மார்ச்சில் நியூயார்க் பிராட்வேயில் தயாரிப்பாளர்கள், பெரிய அரங்குகளில் குறைந்தபட்சம் இத்தனை இசைக் கலைஞர்கள் என்ற விதியை அகற்றப் பார்த்தார்கள். கணினி இசைக்குழுவைத் தயாராக வைத்துக்கொண்டே பேச வந்தார்கள். இசைக் கலைஞர்கள் வெளியேறினார்கள். நடிகர்களும் மேடைத் தொழிலாளர்களும் அவர்களோடு வெளியேறினார்கள். பிராட்வே இசைநாடகங்கள் ஏறக்குறைய அனைத்தும் நின்றன. நான்கே நாள். மேயர் ப்ளூம்பெர்க் இரவெல்லாம் உட்கார்த்திவைத்துப் பேசியதில் சமரசம் வந்தது. மிகப் பெரிய அரங்குகளில் இருபத்துச் சொச்சமாக இருந்த குறைந்தபட்ச எண்ணிக்கை 18, 19 என்று குறைந்தது, பூஜ்யம் ஆகவில்லை. லாஸ் வேகஸில் கிடைக்காத துணை நியூயார்க்கில் கிடைத்தது, அவ்வளவுதான் வேறுபாடு. அப்போது தேசியத் தலைவராக இருந்த தாமஸ் லீயும் ஒரு பியானோ கலைஞர். அமெரிக்க மரீன் படையின் இசைக்குழுவில் வாசித்தவர்.

வாசித்தவரே தலைவராவதில் ஒரு நன்மையும் ஓர் ஆபத்தும் உண்டு. இரண்டாவது காட்சி முடியும்போது விரல் எப்படி வலிக்கும், ஒத்திகைக்குக் காசு தராமல் எப்படி ஏமாற்றுவார்கள் என்பதெல்லாம் அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆபத்து, அவர் தன் காலத்து நாற்காலியையே எல்லாக் காலத்துக்குமான வேலையாக நினைத்துவிடுவது. வெபர் அப்படி நினைத்தார். பெட்ரில்லோ பாதி தெளிந்தார். மஸ்ஸாலியின் தலைமுறைக்குத் தோல்வியே பாடம் நடத்தியது.

இப்போது வந்திருக்கும் செயற்கை நுண்ணறிவு, டேப்பைவிட ஒருபடி மேலே போகிறது. டேப்புக்கு யாராவது ஒருமுறையாவது வாசித்தாக வேண்டும். இதற்கு, முன்பு வாசித்தவை எல்லாம் தீனி. 2024இல் சம்மேளனம் ஹாலிவுட் ஸ்டூடியோக்களோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில் ஸ்ட்ரீமிங் தளங்களுக்காகவே எடுக்கப்படும் படங்களிலும் மறுவருமானப் பங்கு, செயற்கை நுண்ணறிவுக்கு எதிரான பாதுகாப்பு இரண்டையும் வாங்கியிருக்கிறது. இதுவும் பங்கு கேட்கும் வழிதான், சண்டை மட்டும் புதிய இடத்துக்கு நகர்ந்திருக்கிறது.

சென்னையில் இந்தக் கதைக்கு ஓர் உறவினர் இருக்கிறார். 'பாதை தெரியுது பார்' (1960) படத்துக்கு இசையமைத்த எம்.பி. சீனிவாசன், மாணவர் இயக்கத்திலிருந்தும் பொதுவுடைமை இயக்கத்திலிருந்தும் வந்தவர். திரையிசைக் கலைஞர்களுக்குச் சங்கம் அமைத்து, அவர்களுடைய கூலிக்காகப் போராடியவர். சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை உருவாக்கியவரும் அவரே. 1988இல் மறைந்தார். கீபோர்டும் கணினியும் கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்களில் வயலின் வரிசைகளைக் கரைக்கத் தொடங்கிய 1990களை அவர் பார்க்கவில்லை.

சட்டம் இங்கே மெதுவாக வந்தது. 1977இல் பதிப்புரிமை வழக்கொன்றில் உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், நிகழ்த்துகலைஞருக்குச் சட்டத்தில் உரிமை இல்லாததைச் சுட்டி, நாடாளுமன்றம் கவனிக்க வேண்டும் என்று எழுதினார். 1994 திருத்தத்தில் நிகழ்த்துநர் உரிமை வந்தது. 2012 திருத்தம், பதிவு வணிகமாகும்போது நிகழ்த்துநருக்கு ராயல்டி உண்டு என்றது. ஆனால் அதே திருத்தம் ஒரு கொக்கியும் வைத்தது. திரைப்படத்தில் தற்செயலாகவோ துணையாகவோ பங்கேற்று, துறை வழக்கப்படி படத்தின் பெயர்ப் பட்டியலில்கூட இடம்பெறாத ஒருவர் 'நிகழ்த்துநர்' என்றே கருதப்படமாட்டார். தார்மீக உரிமை ஒன்றுக்கு மட்டும் விலக்கு. நடிகர் கூட்டத்தை மனதில் வைத்து எழுதியிருக்கலாம். அது பின்வரிசை வயலின்காரரையும் வாரிக்கொண்டு போகக்கூடிய வாசகம். பெயர் போடாததே உரிமையை மறுக்கும் காரணமாகிவிடும்.

ஆகவே தமிழ்த் திரையிசைச் சங்கங்களும் இசையமைப்பாளர்களும் ஒன்று செய்யலாம், அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒவ்வொரு பின்னணி இசைக்கும் வாசித்த எல்லோருடைய பெயரையும் படத்தின் பட்டியலிலும் ஸ்ட்ரீமிங் தளங்களின் தகவல் பக்கத்திலும் போடுங்கள். சில இசையமைப்பாளர்கள் இதை ஏற்கெனவே செய்கிறார்கள்; மற்றவர்கள் விடுவதற்குக் காரணம் எதுவும் இல்லை. அடுத்த ஒப்பந்தத்திலேயே சங்கங்கள் இதை நிபந்தனையாக எழுதட்டும், ஒருவரின் வாசிப்பை அவர் சம்மதமின்றிக் கணினிக்குப் பயிற்சியாகக் கொடுக்கக் கூடாது என்ற வரியையும் சேர்த்து.